குடியேன் என்பதும் குடியாதே என்பதும்

கள்ளைக் கடியாத தமிழ் அறநூல் அரிது. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக நிற்கும் கள்ளுண்ணாமையை நம் பள்ளிகளில் நடத்தாத ஆசிரியர் இலர். மனனம் செய்யாத மாணவரும் இலர். எனினும், அவ்வதிகாரத்தின் சொல்வடிவைப் பற்றிய செய்தியொன்று பெரும்பாலும் கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது. பத்துக் குறட்பாக்களுள் ஒன்றே ஒன்றில்தான் கள்ளுண்பதை நேரே விலக்கும் வியங்கோள் வருகிறது. அங்கும் வள்ளுவர் உண்ண வேண்டா என்று கூறியதோடு நில்லாமல், சான்றோர் மதிப்பை வேண்டாதவர் உண்பதானால் உண்ணட்டும் என்று கதவைத் திறந்தே வைக்கிறார். ஏனைய குறட்பாக்கள் பெரும்பாலும் காட்சிகளாகவும் வினாக்களாகவும் அமைந்தவை. பெற்ற தாயின் கண்ணுக்கே பொறுக்கவொண்ணாத முகம், பொருளைக் கொடுத்துத் தன்னை மறக்கும் நிலையை வாங்கி வரும் பேதைமை, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடும் வீண்முயற்சி என்று அவை விரிகின்றன. இறுதிக் குறளோ, குடித்தவன் தான் தெளிந்திருக்கும் வேளையில் இன்னொரு குடிகாரனைக் காணும்போது தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானா என்று கேட்டு நின்றுவிடுகிறது.

பின்வந்த நீதிநூல்கள் இந்நிதானத்தைப் பெரிதும் கைவிட்டன. ஆத்திசூடி ஏவலால் நடப்பது. உலகநீதி 'வேண்டாம்' என்ற சொல்லின்மேல் கட்டப்பட்டது. அவற்றின் வழிவந்தனவே நம் கட்டுரைப் போட்டிகளும் மேடைப் பேச்சுகளும். 'மதுவினால் விளையும் தீமைகள்' என்ற தலைப்பைக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் "எனவே அன்பர்களே, மதுவைத் தொடாதீர்" என்று முடிக்கும். அப்பிள்ளை யாருக்கு ஆணையிடுகிறது, அந்த ஆணையைக் கேட்கப்போகிறவர் யார் என்ற வினாக்கள் எழுவதே இல்லை. இவ்வினாக்களை எழுப்புவதற்குத் துணையாக, தமிழோடு எவ்வகை உறவும் இல்லாத ஓர் இசைக்குழுவின் வரலாறு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அக்குழு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980 முதல் 1983 வரை இயங்கி மறைந்த 'மைனர் திரெட்'.

பெயரிலேயே சிலேடை உண்டு. 'மைனர்' என்பது வயது வராதவரையும் குறிக்கும். சிறியது, பொருட்படுத்தத் தகாதது என்றும் பொருள்படும். வயது வராதோரால் விளையும் அச்சுறுத்தல் என்றும், அற்பமான அச்சுறுத்தல் என்றும் இருபொருள்படத் தங்களைத் தாங்களே எள்ளிக்கொண்ட இளைஞர்கள் அவர்கள். பாடகர் இயன் மக்காய் 1962இல் பிறந்தவர். குழு தொடங்கியபோது வயது பதினெட்டு. மேளம் அடித்தவர் ஜெஃப் நெல்சன். கிட்டார் லைல் பிரெஸ்லர். அடிநாதக் கிட்டார் இசைத்த பிரையன் பேக்கருக்கு அப்பொழுது பதினைந்து வயதுதான். நம் நாட்டுக் கணக்கில் படிவம் மூன்று மாணவர்.

அவர்கள் இசைத்த வகைக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க் இசை, பயிற்சி மிகுந்த மேதைகளுக்கு மட்டுமே மேடை உரியது என்ற எண்ணத்தை உடைத்தது. மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் போதும், பாடலாம் என்றது. அதை இன்னும் விரைவாக்கி, இன்னும் குறுக்கி, அலங்காரம் அனைத்தையும் உரித்தெறிந்தபோது ஹார்ட்கோர் பிறந்தது. செவிக்கு இனியது என்று அதைக் கூறுதல் பொய்யாகும். கருநாடக இசையிலோ திரையிசையிலோ தோய்ந்த காதுகளுக்கு முதலில் அது கூச்சலாகவே படும். எனினும், கூச்சலுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாடல்கள் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்ற அளவில் முடிந்துவிடும். சொல்ல வந்ததைச் சொன்னவுடன் நிறுத்தும் அவ்வொழுக்கம், ஏழு சீரில் முடிக்கும் குறள் வெண்பாவைப் பயிற்றுவிப்போருக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

மக்காயும் நெல்சனும் இதற்குமுன் 'டீன் ஐடில்ஸ்' என்ற பள்ளிக்காலக் குழுவில் இருந்தனர். 1980இன் கோடையில் அக்குழு கலிஃபோர்னியாவுக்குப் பயணம் சென்றது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மபுஹாய் கார்டன்ஸ் என்ற அரங்கில் இசைக்கச் சென்றபோது, இவர்கள் மதுவருந்தும் வயதை எட்டாதவர்கள் என்பதால், புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி இட்டு உள்ளே விட்டனர். குறியுடைய கைக்கு மது தரலாகாது என்பது பணியாளருக்கான அடையாளம். ஊர் திரும்பியவர்கள் அதே ஏற்பாட்டைத் தங்கள் நகர அரங்குகளிலும் வேண்டினர். மது விற்கும் இடம் என்பதால் இளையோருக்கு இசை மறுக்கப்பட்டிருந்த நிலையில், எங்களுக்கு மது வேண்டா, இசை போதும் என்பதே அவர்களின் வாதம். சிறிது காலத்தில், மது அருந்தும் வயதை எட்டியவர்களும் தாமே விரும்பிப் புறங்கையில் அக்குறியை இட்டுக்கொள்ளலாயினர். தவறான விடைக்கு ஆசிரியர் சிவப்பு மையால் இடும் குறியை, இது எங்கள் குறி என்று மாணவர் எடுத்துத் தம் சட்டையில் குத்திக்கொண்டதற்கு ஒப்பான செயல் இது. விலக்கி வைப்பதற்கென்று இடப்பட்ட அடையாளம், தாமே விலகி நிற்பதற்கான அடையாளமாயிற்று.

1981இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற பாடல் இடம்பெற்றது. நேரான விளிம்பு என்பது சொற்பொருள். முக்கால் நிமிடமே ஓடும் அப்பாடலில், தன் வயதொத்தோர் போதைப்பொருளில் அமிழ்ந்து உயிர்ப்பிணங்களாகத் திரிவதைச் சுட்டி, தனக்கு அதைவிடச் செய்வதற்கு வேறு பணிகள் உண்டு, அத்தகைய ஊன்றுகோல் தேவையில்லை என்று பாடகர் கூறுகிறார். இலக்கிய நயம் என்று எடுத்துக்காட்ட அதில் அதிகம் இல்லை. உவமை இல்லை; அணி இல்லை. ஆனால் பாடல் முழுதும் தன்மை ஒருமையில் நடக்கிறது. நான் இன்னவன், எனக்கு இது வேண்டியதில்லை என்பதற்கு மேல் அது எதுவும் கோரவில்லை. குடிப்பவனைத் திருத்த முற்படாத இப்பாடலைக் கேட்டே, உலகின் பல நாடுகளில் பல்லாயிரம் இளைஞர் குடியை விட்டனர் அல்லது தொடங்காமலே இருந்தனர். பாடலின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. இன்று மலேசியாவிலும் செகண்ட் காம்பாட் போன்ற குழுக்கள் அப்பெயரின் கீழ்ப் பாடியதுண்டு.

தமிழாசிரியர் தனிக் கவனம் செலுத்தவேண்டிய பாடல் வேறொன்று. அதே 1981இல் இரண்டாம் இசைத்தட்டில் வெளிவந்த 'அவுட் ஆஃப் ஸ்டெப்', அதாவது 'அடி பிசகியவன்'. உலகத்தோடு நடை ஒத்துவரவில்லை என்பது அதன் பல்லவிக் கருத்து. அதில் மூன்று விலக்குகள் அடுக்கி வருகின்றன: மது, புகை, கண்டபடிக் கலவி. ஆங்கிலத்தில் இம்மூன்றும் எழுவாய் இன்றிப் பாடப்பட்டன. எழுவாய் கெட்டால் ஆங்கில வினை யாருடையது என்று அறிய வழியில்லை. பாடகர் தன்னைப்பற்றிக் கூறுகிறாரா, கேட்பவருக்கு ஆணையிடுகிறாரா என்பது இருபொருள்படும்.

இந்த இடத்தில்தான் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. மேளக்காரர் நெல்சன், இது ஆணையாகக் கேட்கிறது, பிறருக்குக் கட்டளையிட நாம் யார் என்று மறுத்தார். அதன் பயனாக அச்சிட்ட பாடல்தாளில் 'நான்' என்ற எழுவாய் அடைப்புக்குறிக்குள் சேர்க்கப்பட்டது. 1983இல் இப்பாடலின் பெயரையே தாங்கி ஒரு தொகுப்பு வந்தபோது பாடலை மீண்டும் பதிவு செய்தனர். அப்பதிவின் நடுவே இசை தணிய, மக்காய் பேச்சு நடையில் ஒரு விளக்கம் தருகிறார்: இது விதித்தொகுப்பு அன்று, உங்களுக்கு நான் சட்டம் வகுக்கவில்லை என்பது அதன் சாரம். கவிஞன் தன் பாட்டின் நடுவே நின்று தானே உரை எழுதும் இக்காட்சி விந்தையானது. கலையழகு நோக்கினால் அவ்விளக்கம் பாடலின் வேகத்தைக் கெடுக்கிறது என்றே கூறவேண்டும். ஆயினும், ஓர் எழுவாய்க்காக நண்பர்கள் வாதிட்டு, பாட்டையே திருத்திய நேர்மை அழகைவிடப் பெரிது. அத்தொகுப்பின் அட்டையில் வெள்ளைச் செம்மறியாட்டு மந்தையொன்றும், அதினின்று துள்ளிப் பிரியும் கறுப்பு ஆடு ஒன்றும் வரையப்பட்டுள்ளன. அக்கறுப்பு ஆடு திரும்பி நின்று மந்தையை அழைக்கவில்லை என்பது காணத்தக்கது.

தமிழில் இச்சிக்கல் எழுந்திராது. 'குடியேன்' என்றால் தன்மை ஒருமை. 'குடியாதே' என்றால் முன்னிலை ஏவல். விகுதி ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுவாய் மறைந்தாலும் பேசுபவன் மறைய முடியாது. நம் மொழியில் ஆங்கிலப் பாடலின் மயக்கத்திற்கு ஓரளவு அருகில் நிற்பது வியங்கோள்தான். 'குடியற்க' என்றால் யார்? தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலாரோ அதை மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக்கினார். நன்னூலார் வழியில் நோக்கினால், வள்ளுவரின் அவ்வொரு வியங்கோளில் சொல்பவனும் அடங்குவான். அவ்வாறு கொள்ளும்போது, மேடையேறித் தன்னை நீக்கிப் பிறரைச் சுட்டும் பேச்சாளருக்கு அதிகாரத்தில் இடமே இல்லாமற் போகிறது. இலக்கணப் பாடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று அட்டவணை எழுதிப் போடுகிறோம். அவ்வட்டவணைக்குள் ஓர் ஒழுக்கவியல் ஒளிந்திருப்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது கடினம்.

இதுவரை கூறியவை வாஷிங்டன் இளைஞரின் வரலாறு. நம் மண்ணிலும் இளைஞர் குடியை எதிர்த்தெழுந்த வரலாறு உண்டு. அது அவர்களுடையதினும் மூத்தது.

பால்மரத் தோட்டங்களில் கோயில், பள்ளிக்கூடம், ஆயக்கொட்டகை என்ற வரிசையில் கள்ளுக்கடையும் ஒன்றாக நின்றது. சம்பள நாளன்று மாலையில் எந்த வாசலில் கூட்டம் மிகுந்திருந்தது என்பதை ஈப்போ, ஜெலாப்பாங் வட்டாரத்திற்குத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களின் முதியோர் நன்கறிவர். மரத்தின்கீழ்ச் சிந்திய வியர்வையின் கூலி அன்றிரவே தோட்டத்தின் கள்ளுக்கடையில் மீண்டும் இறங்கியது. கள்ளின் தீங்கு குறித்து ஆங்கிலேய அரசே சிலாங்கூரில் ஆணையம் அமைத்து 1917இல் அறிக்கை வெளியிட்ட பின்னும் கடைகள் நின்றன.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவம், பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைமார் முன் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; உயிர்கள் போயின. போருக்குப்பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தை நடுவாகக் கொண்ட அவ்விளைஞர் சீருடை அணிந்து, அணிவகுத்து, கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தனர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவலரோடு மோதல் மூண்டு இயக்கம் ஒடுக்கப்பட்டது.

தொண்டர் படையின் ஈகத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றி மறத்தலாகும். ஆயினும், அதன் மொழி ஏவல் மொழி. குடித்த தொழிலாளி அதன் கையில் தண்டனைக்கும் ஆளானான். கள்ளால் சுரண்டப்பட்டவனே கள்ளுக்காக அடியும் வாங்கிய கொடுமை அங்கே நிகழ்ந்தது. பாடலில் 'நான்' என்ற எழுவாயைச் சேர்த்த பின்னரும் வாஷிங்டன் குழு கண்ட கதியும் இதுவே. 1990களில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் இப்பெயரைச் சூடிய இளைஞர் சிலர் குடித்தோரையும் புகைத்தோரையும் தாக்கினர். அந்நகரக் காவல்துறை அவர்களைக் குண்டர் கும்பல்களோடு சேர்த்து எண்ணியது. அடைப்புக்குறிக்குள் இருந்த எழுவாயை அவர்கள் படிக்கவே இல்லை போலும். தாம் ஓர் இயக்கத்தைத் தொடங்கவில்லை என்று மக்காய் பலமுறை கூறியும் பயனில்லை.

அப்படியாயின் 'குடியேன்' ஒன்றே போதுமா? இங்கே மைனர் திரெட்டின் எல்லையையும் காட்டுவது திறனாய்வின் கடமை. வாஷிங்டன் இளைஞருக்குக் குடி என்பது நண்பர் கூட்டத்தின் நெருக்குதல். மறுப்பதற்குத் தன்மை ஒருமையும் கொஞ்சம் துணிவும் போதுமானவை. அவர்களுக்கு எந்தக் கிராணியும் சம்பளத்தோடு கள்ளுக்கடையைக் காட்டவில்லை. குடியைக் குடிப்பவனின் குணமாக மட்டும் காண்பது அவர்கள் பாடல்களின் குறை. அதை விற்பவன் அப்பாடல்களில் தோன்றுவதே இல்லை. கிள்ளான் தொழிலாளர் 'நாங்கள்' என்று பேசினர். அது முன்னிலையை உளப்படுத்தாத தன்மைப் பன்மை. எதிரே நிற்கும் துரையைத் தெளிவாக வெளியே நிறுத்தும் சொல். கடையை மூடு என்ற ஏவலும் அங்கே உண்டு. ஆனால் அது குடிப்பவனை நோக்கியதன்று, கடை வைத்தவனை நோக்கியது. இந்த வேறுபாடு பெரிது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் மாண்டபோது, மலிவு மதுவைத் தேடிச் செல்லும் ஏழையைக் குறைகூறிய குரல்கள் மிகுதியாகவும், அதை விற்றவனைக் கேட்ட குரல்கள் குறைவாகவும் ஒலித்ததை நினைவு கூரலாம். சம்சுவை எதிர்த்துப் பல்லாண்டு போராடிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் விற்பனையை நோக்கியே தன் விரலை நீட்டியது. அது கிள்ளான் மரபு.

தன்மை ஒருமைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மக்காய் படித்த பள்ளியில் கறுப்பின மாணவரே பெரும்பான்மையினர். வரலாற்றில் வெள்ளையர் இழைத்த கொடுமைகளுக்குத் தான் ஏன் பொறுப்பாக வேண்டும் என்ற கருத்தில், வெள்ளையனாயிருப்பதே குற்றம் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பாடலை அவர் பாடினார். அது இனவெறிக்கு எதிரான பாடல் என்பதே அவர் நிலைப்பாடு. ஆனால் இனவெறியரே அதைத் தமக்குச் சாதகமாக எடுத்துப் பாடும் நிலை நேர்ந்தது. ஆசிரியரின் எண்ணம் தூய்மையாயிருக்கலாம். பாட்டில் அது இல்லை. 'நான்' என்று தொடங்கினால் போதும், உண்மை தானே வந்து சேரும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது. தோட்டத்து வரலாற்றைத் தோளில் சுமக்கும் பிள்ளைக்கு, முன்னோர் பட்டது எனக்கென்ன என்ற குரல் எளிதில் ஒட்டாது, ஒட்டவும் கூடாது.

குறையிருந்தும் இக்குழுவைப் போற்றுவதற்கு வேறொரு காரணமும் உளது. இவர்கள் எந்த நிறுவனத்தின் வாசலிலும் நிற்கவில்லை. டீன் ஐடில்ஸ் கச்சேரிகளில் சேர்ந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் இசைத்தட்டு அடிக்கச் செலவிட்டு, டிஸ்கார்ட் என்ற சொந்த வெளியீட்டகத்தை 1980இல் தொடங்கினர். உறைகளைத் தாமே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினர். விலையையும் குறைத்தே வைத்தனர். கைக்காசைப் போட்டு நூலை அச்சடித்து, வீட்டு வரவேற்பறையில் கட்டுக்கட்டாய் அடுக்கி, வெளியீட்டு விழாவில் தாமே விற்கும் நம் எழுத்தாளருக்கு அந்த வீட்டின் தோற்றம் புதிதாயிராது. அம்முதல் இசைத்தட்டின் அட்டைப்படத்தை 2005இல் நைக்கி நிறுவனம் தன் விளம்பரத்திற்குக் கேளாமலே நகலெடுத்தது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கோரியது.

குழு முறிந்ததற்குக் குடியோ பணமோ காரணமன்று. 1981இன் பிற்பகுதியில் பிரெஸ்லர் பல்கலைக்கழகம் சென்றபோது ஒருமுறை கலைந்து, மறு ஆண்டில் மீண்டும் கூடினர். 1983இல் ஏனையோர் இசையை இனிமையாக்கிப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுசெல்ல விழைந்தனர். மக்காய் அதற்கு உடன்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வாஷிங்டனில் இறுதிக் கச்சேரி நடந்தது. அம்மேடையை அவர்களோடு பகிர்ந்துகொண்ட குழுக்களுள் ஒன்று டிரபுள் ஃபங்க் என்னும் கறுப்பினக் குழு. பிரிந்தபின் டிசம்பரில் ஒருமுறை கூடி மூன்று பாடல்களைப் பதிந்தனர். அவை 1985இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று தங்கள் இளமைக்காலத்தைத் தாங்களே ஐயத்தோடு திரும்பிப் பார்ப்பது. பாடியவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று.

1989இல் அவர்களின் பாடல்கள் அனைத்தும் ஒரே குறுவட்டில் தொகுக்கப்பட்டன. மொத்தம் இருபத்தாறு. கேட்டு முடிக்க ஏறத்தாழ நாற்பத்தேழு நிமிடம் ஆகும். நம் பள்ளியில் அது இரண்டு பாடவேளைக்குள் அடங்கிவிடும்.